மோட் எழுதுவோரே, எங்கள் இணைய இணைப்பின் மேல் பழி போடாதீர்கள்

கணினி வியூக விளையாட்டுகளுக்கு மோட் (விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் நிரல்) எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் இருவர், வேலந்தாவளத்தில் ஒருவர், எல்லை தாண்டிப் பொள்ளாச்சியில் ஒருவர் எனச் சனிக்கிழமை இரவுகளில் சேர்ந்து ஆடுகிறோம். உங்கள் மோட்கள் இல்லாமல் எங்களுக்கு ஆட்டம் ருசிப்பதில்லை. ஆனால் நடு ஆட்டத்தில் ஒத்திசைவுப் பிழை (ஆட்டம் கணினிக்குக் கணினி வேறுபட்டுவிடுவது) என்று எல்லாம் நின்றுபோய், அதை உங்களுக்கு எழுதினால், பெரும்பாலும் வருவது ஒரே பதில்: "உங்கள் இணைய இணைப்பைச் சரிபாருங்கள்."

எங்கள் இணைப்பு சுமார்தான், மறுக்கவில்லை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மரம் சாய்ந்தால் கம்பியும் அறுந்துவிடும். அப்போது ஆட்டம் திக்கும், காத்திருக்கும், மிஞ்சிப்போனால் ஒருவரை வெளியே தள்ளும். ஒருவர் திரையில் இடிந்து விழுந்த கோட்டை இன்னொருவர் திரையில் கம்பீரமாக நிற்பதற்குக் காற்று என்ன செய்யும்?

இது உங்களுக்குத் தெரியாததல்ல. 1997-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற வியூக விளையாட்டு, தொலைபேசிக் கம்பி வழி ஓடிய 28.8 கிலோபிட் மோடத்திலேயே எட்டுப் பேரை ஆடவைத்தது. ஒவ்வொரு வீரனும் நிற்கும் இடத்தை அனுப்ப அந்த வேகம் போதாது. அதனால் அதை உருவாக்கியவர்கள் ஆடுபவர்களின் கட்டளைகளை மட்டும் அனுப்பி, எல்லாக் கணினிகளும் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டு ஒரே விடைக்கு வரும்படி செய்தார்கள். அதில் பட்ட பாட்டை 2001-இல் அவர்களே எழுதினார்கள். வரைபடம் உருவாகும்போது ஒரு மான் சற்றே இடம் மாறி நின்றாலும், சில நிமிடங்கள் கழித்து ஒரு கணினியில் வேட்டைக்காரனின் ஈட்டி குறி தவறி, அவன் வெறுங்கையோடு திரும்புவானாம். மானைக் கலைத்தது இணைப்பு அல்ல, கணக்கு.

அந்த மான்களை இப்போது நீங்கள் கலைக்கிறீர்கள். எங்களைப் பல வாரம் படுத்திய ஒரு மோட், நகரங்களைத் திரையில் தெரியும் பெயரின் அகரவரிசைப்படி அடுக்கி, முதல் நகரத்துக்குப் படையை அனுப்பியது. எங்களில் ஒருவர் தமிழாக்கப் பொதியுடன் ஆடுகிறார், மற்றவர்கள் ஆங்கிலத்தில். அவர் கணினியில் படை வடக்கே போனது, எங்கள் கணினிகளில் தெற்கே. மொழி, கடிகாரம், கேமரா நிற்கும் இடம் ஆகியவை அவரவர் கணினிக்கு மட்டுமே உரியவை. ஆட்டத்தின் கணக்குக்குள் அவற்றை விடவே கூடாது.

தற்செயல் எண்களிலும் இதே கதை. ஆட்டத்துக்கான எண்களை எல்லாக் கணினிகளும் ஒரே பொது வரிசைப்படிதான் எடுக்க வேண்டும். ஒருவர் ஜன்னல் ஒன்றைத் திறந்தபோது அலங்காரத்துக்காகப் பொது வரிசையிலிருந்து ஓர் எண்ணை எடுத்துவிட்டால், அதன்பின் அவருக்கு வரும் எண்கள் எல்லாமே ஒன்று தள்ளிப்போகும். அலங்காரத்துக்குத் தனி வரிசை வையுங்கள். சேமித்த ஆட்டம் திறக்கும் தருணத்தில் ஆட்ட நிலையை மாற்றுவது இன்னும் மோசம். நடுவில் வந்து சேர்பவரின் கணினியில் மட்டும் அந்த வரிகள் ஓடும். ஃபேக்டோரியோ என்ற விளையாட்டு இதை வெளிப்படையாகவே தடுக்கிறது. தடுக்க யாருமில்லாத விளையாட்டுகளில் மட்டும் செய்துவிடலாமா?

இன்னொரு வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்: பதிப்பு எண்ணை மாற்றாமல் கோப்பை மட்டும் மாற்றிப் பதிவேற்றுவது. மோட்களைப் பகிரும் தளமான ஸ்டீம் ஒர்க்‌ஷாப் ஒரு கணினியில் புதிய கோப்பை இறக்கியிருக்கும், இன்னொன்றில் பழையதே கிடக்கும். இரண்டிலும் எண் ஒன்றுதான் என்பதால் எங்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பாரடாக்ஸ் நிறுவனத்தின் வியூக விளையாட்டுகளின் முகப்பில், கோப்புகள் வேறுபட்டால் மாறிவிடும் நான்கு எழுத்துச் சரிபார்ப்புக் குறி ஒன்று இருக்கிறது. ஆட்டம் தொடங்குமுன் அதைத் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் படித்துக்காட்டுகிறோம். பழைய பதிப்புகளையும் இறக்கிக்கொள்ள வழி வைத்தால், பாதியில் நிற்கும் ஆட்டங்களையாவது முடித்துக்கொள்வோம்.

மோட்களை இலவசமாக எழுதித் தருகிறீர்கள், வேலைக்குப் போய்வந்த களைப்பில் எழுதுகிறீர்கள் என்பதெல்லாம் தெரியும். சோதித்துப் பார்க்க இரண்டாவது கணினி எல்லோர் வீட்டிலும் இருக்காது. அந்த வேலையை எங்களிடம் கொடுங்கள். வெளியிடுமுன் அனுப்பினால் சனிக்கிழமை ஆடிப்பார்க்கிறோம். வேண்டுமென்றே ஒருவர் வெளியேறித் திரும்பி வருவார், ஒருவர் தமிழில் ஆடுவார். பிழை வந்தால், ஆட்டத்தில் நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்புகள் நான்கு கணினிகளிலிருந்தும், அதற்கு முந்தைய சேமிப்பும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கைக்கு வரும். எந்தச் சுற்றில் கணக்கு பிரிந்தது என்று அவற்றில் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு சனிக்கிழமை ஆட்டக்காரர்