ஈப்போ நண்பனுக்கு ஒரு கடிதம்

அங் மோ கியோ, சிங்கப்பூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கைக்கு வந்தது. முட்டிவலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். பேத்தி வருகிற ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறாள். நாம் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்த கதையை அவளிடம் சொன்னேன். அந்தப் பள்ளி 1982-லேயே மூடப்பட்டது என்றதும், "அப்போ உங்க ஸ்கூலைப் பார்க்கவே முடியாதா தாத்தா?" என்று முகம் வாடிவிட்டாள்.

மகள் அங்கே ஒரு கிளினிக்கை வாங்கப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் "எந்த நேரமும் கூட்டம் நிற்கிறது, பயமில்லை" என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன ஜூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கின் கணக்கைப் பார்த்தேன். என் அம்மாவின் சர்க்கரைக்குப் பதினெட்டு வருஷம் மருந்து கொடுத்த டாக்டர் ஓய்வு பெற நினைத்தார். வாங்க வந்தவன் எனக்குத் தெரிந்த பையன், இளம் டாக்டர். "அங்கிள், நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். அந்த இடம் மூடப்படக் கூடாதே என்ற தவிப்பு எனக்கும் இருந்தது.

கணக்குப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு காலை அங்கே ஓரமாக உட்கார்ந்து, யார் எப்போது வந்தார், எப்போது உள்ளே போனார், எப்போது மருந்தோடு வெளியேறினார் என்று நோட்டில் குறித்தேன். 29 பேர். டாக்டரிடம் ஒருவருக்குச் சுமார் ஒன்பது நிமிஷம். மருந்துக் கவுண்டரிலோ 22 நிமிஷம்! பதிவு, காசு, மருந்து கட்டுவது, தொலைபேசி எல்லாம் அங்கே வேலை செய்யும் ஒரே அம்மாவின் தலையில். நான்கு பேர் பொறுக்காமல் எழுந்து போனார்கள். வாசலில் நின்றவன் கண்ணுக்கு அது நல்ல கூட்டம். உள்ளே உட்கார்ந்தவனுக்குத்தான் அது தேக்கம் என்று புரியும்.

அந்த அம்மாவே ஒரு டிராயரைத் திறந்து காட்டினார். பேனல் கம்பெனிகள், அதாவது தங்கள் ஊழியர்களின் வைத்தியச் செலவைக் கிளினிக்குக்கு நேரே கட்டும் கம்பெனிகள், திருப்பி அனுப்பிய கிளெய்ம் தாள்கள் (பணம் கேட்டு அனுப்பும் படிவங்கள்), ரப்பர் பேண்ட் போட்ட கட்டுக் கட்டாக. ஒன்றில் கையெழுத்து இல்லை, ஒன்றில் அட்டை எண் தப்பு. திருத்தி அனுப்ப அவருக்கு நேரம் ஏது? வரவேண்டிய பாக்கி 83,000 சிங்கப்பூர் வெள்ளி என்று புத்தகம் சொன்னது. அதில் 31,000 கெடு தாண்டிப்போன பணம், இனி வராது. உன் மகளிடம், பாக்கியை முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாளுக்கு மேல் என்று பிரித்துக் கேட்கச் சொல். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவாள்.

அடுத்தது லாபம். ஆண்டுக்கு 190,000 வெள்ளி என்று காட்டினார்கள். ஆனால் டாக்டர் தனக்கென்று சம்பளமே எடுக்கவில்லை. வாரம் 44 மணி நேரம், ஆண்டுக்கு 50 வாரம் உழைக்கிறார். அதே வேலைக்கு மணிக்கு நூறு வெள்ளி வீதம் லோக்கம் டாக்டரை, அதாவது கூலிக்கு வரும் மாற்று டாக்டரை, உட்காரவைத்தால் 220,000 ஆகும். அப்புறம் லாபம் எங்கே இருக்கிறது? அந்தப் பெரிய மனிதர் இத்தனை வருஷம் தன் உழைப்பைத்தான் லாபம் என்று நினைத்து வந்திருக்கிறார். இதை அவரிடம் சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன மூன்று வருஷக் கணக்கு அடுத்த மூன்று வருஷத்துக்கும் பொருந்தும் என்று நம்பவும் முடியாது. இங்கே கிளினிக்கிலேயே மருந்தும் கொடுப்பதால் வருமானத்தில் அதற்குப் பெரிய பங்கு. 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டம் வந்தது. நோயாளி தனக்குப் பிடித்த கிளினிக்கில் பதிந்துகொள்கிறார், அவரைக் கவனிப்பதற்கு அரசாங்கம் ஆண்டுதோறும் கிளினிக்குக்குக் கட்டணம் தருகிறது. 2024-லிருந்து அப்படிப் பதிந்தவர்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நீண்டநாள் நோயும் அதற்கான தகுதியும் உள்ளவர்கள், குறிப்பிட்ட மருந்துகளை அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) ஒப்பான விலைக்கு வாங்கலாம். நோயாளிக்கு அது பெரிய உதவி, நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் மருந்தில் கிடைத்த லாபத்தை வைத்துக் கிளினிக்குக்கு விலை பேசினால் கணக்கு உதைக்கும். உங்கள் ஊர்ச் சட்டம் வேறு, அதை மகள் விசாரிக்கட்டும்.

வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை மாதம் மீதி என்பதையும் பார்க்கச் சொல். ஒப்பந்தம் முடிந்தால் வாடகை எங்கே போய் நிற்குமோ? 2025-ல் தெம்பனிசில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கிளினிக் இடம் மாதம் 52,188 வெள்ளி வாடகைக்கு ஏலம் போனதை நீயும் படித்திருப்பாய். இந்தக் கிளினிக்குக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம் மீதி இருந்தது.

கடைசியில் குட்வில் தொகையை, அதாவது கிளினிக்கின் பேருக்கும் வாடிக்கைக்கும் கேட்ட விலையை, பாதிக்கும் கீழே குறைத்துப் பேசி முடித்தோம். நோயாளிகள் வருவது பழைய டாக்டரின் முகத்துக்காக என்பதால், ஆறு மாதம் வாரத்தில் இரண்டு காலை அவரும் வந்து உட்காருகிறார். பையன் கவுண்டருக்கு இன்னொரு பெண்ணைச் சேர்த்தான். அந்த அம்மா இப்போது கிளெய்ம் வேலையை மட்டும் பார்க்கிறார். போன வாரம் பிரஷர் மாத்திரைக்குப் போனேன், ஏழே நிமிஷத்தில் கையில் கிடைத்தது.

மகளிடம் சொல்லி மூன்று வருஷ வங்கிக் கணக்கு, பேனல் பாக்கிப் பட்டியல், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் வாங்கி வைக்கச் சொல். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் பேத்தியோடு ஈப்போ வருகிறேன். அந்தக் கிளினிக்கில் இரண்டு காலை நான் உட்கார இடம் கேட்டு வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்