நடக்கத் தெரிஞ்சா மட்டும் போதாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங், அதாவது ஸ்கீங்கற நீளமான ஒல்லிப் பலகைய ரெண்டு கால்லயும் மாட்டிட்டு பனி மேல தூரம் போற விளையாட்டு பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், இந்த விளையாட்ட பத்தி தமிழ்ல யாராவது எழுதுறதே அபூர்வம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா நடக்கத் தெரிஞ்ச யாரும் ஒரே கிளாஸ்ல கத்துக்கலாம்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அத மட்டும் அப்படியே விட்டுட மனசு வரல. ஒரு கிளாஸ்ல சமதரையில முன்னாடி போயிடலாம், உண்மைதான். ஆனா அது ஸ்கீய கால்ல மாட்டிட்டு நடக்கறது, சறுக்கறது இல்ல.

இதுல ரெண்டு ஸ்கீயையும் நேரா இணையா வெச்சு போற பழைய ஸ்டைலுக்கு கிளாசிக்னு பேரு. அந்த கிளாசிக் ஸ்கீய கீழ வெச்சு பாத்தா நடுப்பகுதி லேசா தூக்கி வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கும். ரெண்டு கால்லயும் சமமா எடை போட்டு நின்னா அந்த நடுப்பகுதி பனிய அழுத்தாது, ஒரே கால்ல மொத்த எடையையும் எறக்கி அழுத்தினாதான் அங்க அடியில இருக்கற கிரிப் வாக்ஸோ (பனிய பிடிக்க தடவுற மெழுகு), செதிலோ, ஸ்கின்னோ (ஒட்டின ரோமப் பட்டை) பனிய பிடிக்கும், அது பிடிச்சாதான் உதைக்க முடியும், உதைச்சாதான் இன்னொரு கால் சறுக்கிட்டு போகும். பயந்து போய் எடைய பாதி பாதியா வெச்சுக்கறவங்களுக்கு ஒவ்வொரு உதையும் பின்னால வழுக்கும், உடனே வாக்ஸ் சரியில்ல, வாடகைக்கு மட்டமான ஸ்கீய குடுத்துட்டாங்கன்னு திட்ட ஆரம்பிச்சிடுவாங்க (சில சமயம் வாக்ஸும் தப்பாதான் இருக்கும், அது வேற விஷயம்).

அதனாலதான் ஆரம்ப கிளாஸ்ல நல்ல இன்ஸ்ட்ரக்டரா இருந்தா முதல்ல போலை (கையில ஊன்றி தள்ற குச்சிய) வாங்கி ஓரமா வெச்சிடுவாரு. கையில போல் இருந்தா எல்லாரும் அதுமேலயே சாஞ்சுக்குவாங்க, கால் எதையும் கத்துக்காது. ஒரு ஸ்கீய கழட்ட சொல்லி, அந்த கால்ல தள்ளி இன்னொரு கால்ல சறுக்க விடுவாரு, விழுந்தா எந்திரிக்கறது, முனைய சேத்து வாலை விரிச்சு வேகத்த குறைக்கறது, இதெல்லாம் வரும். பாக்க சின்னப்புள்ள விளையாட்டா தெரியும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது ரெண்டாவது லெவல் பத்தி. நெறைய பேரு முதல் கிளாஸோட நிறுத்திடுறாங்க, இல்லன்னா நமக்கு ஸ்டாமினா இருக்குன்னு நேரா ஸ்கேட்டிங் (ஸ்கீய வெளிப்பக்கமா விரிச்சு மாத்தி மாத்தி தள்ளி சறுக்கற ஸ்டைல்) கிளாஸுக்கு தாவிடுறாங்க, ஓட்டக்காரங்கதான் இதுல ஜாஸ்தி. மூச்சு தாங்கும்தான், ஆனா ஒரு ஸ்கீ மேல நிதானமா நிக்க வரலன்னா ஸ்கேட்டிங்ல ஒவ்வொரு அடிக்கும் தடுமாறணும். இந்த ரெண்டாவது லெவல்லதான் எப்போ உதைக்கணுங்கற டைமிங், கைய மட்டும் நம்பாம வயித்த மடக்கி உடம்பு எடையால ரெண்டு போலையும் ஒண்ணா குத்தி தள்ற டபுள் போலிங், ஏத்தத்துல ஸ்கீய வி மாதிரி விரிச்சு ஏறறது எல்லாம் வருது. டபுள் போலிங்க சாதாரணமா நினைக்காதீங்க, ஸ்வீடன்ல 1922ல இருந்து நடக்கற வாசாலோப்பெட் ரேஸ் 90 கிலோமீட்டர், அதுல முன்னணில இருக்கறவங்க கிரிப் வாக்ஸே போடாம கடைசி வரைக்கும் டபுள் போலிங்லயே போறாங்க.

ஸ்கேட்டிங் வேணாம்னு சொல்லல. அதுவே பிறகு வந்த ஸ்டைல்தான், 1982ல உலகக் கோப்பைய ஜெயிச்ச அமெரிக்க வீரர் பில் கோக் அதை பிரபலமாக்கினாரு, ஒலிம்பிக்ஸ்ல கிளாசிக் தனி, ஃப்ரீஸ்டைல் (ஸ்கேட்டிங்கும் பண்ணலாம்) தனின்னு முதல்முறையா போட்டிய பிரிச்சது 1988 கால்கரியிலதான். ஸ்கேட்டிங்குக்கு ஸ்கீ வேற, போல் இன்னும் நீளம், பாதையும் அகலமா சமப்படுத்தி இருக்கணும்.

இன்னொண்ணு, மலையில டவுன்ஹில் ஸ்கீயிங் நல்லா பண்றவங்க ஆரம்ப கிளாஸ் நமக்கு எதுக்குன்னு கேக்கறாங்க. இதுல குதிகால் பூட்டாம ஃப்ரீயா தூக்கும், ஸ்கீ ஒல்லி, ட்ராக்ல ஓட்டுற ஸ்கீல ஓரத்துல இரும்பு பட்டையும் கிடையாது, அங்க சர்வசாதாரணமா நிறுத்துறவங்க இங்க சின்ன எறக்கத்துல பதறுவாங்க. அதனால எந்த லெவல்னு முடிவு பண்ண எத்தன வருஷமா ஸ்கீ பண்றோம்னு கணக்கு பாக்க வேணாம், போல் இல்லாம ஒரு கால்ல கொஞ்ச தூரம் சறுக்க முடியுதா, எறக்கத்துல நெனச்ச எடத்துல நிக்க முடியுதா, இத ரெண்டையும் பாத்தா போதும். ரெண்டுல ஒண்ணு வரலன்னாலும் கீழ் லெவல்லயே சேருங்க.

அடுத்து இத பத்தி போடும்போது ஒவ்வொரு லெவல்லயும் என்ன சொல்லித்தர்றாங்கன்னு ஒரு சின்ன பாக்ஸா போட்டீங்கன்னா, காசு கட்டறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்னாவது ஜனங்களுக்கு தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்