காலை நீட்டிக்கொண்டு கன்னியாகுமரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

"சிட்னிக்கு வர முடியாதுன்னு சொல்லிட்டு கன்னியாகுமரிக்கு மட்டும் எப்படிப் போனாங்க?" என்று அப்பாவிடம் கேட்டாயாமே. கோபம் நியாயம்தான். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கால் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் பயந்தது, காலைத் தொங்கப்போட்டு மணிக்கணக்கில் உட்காருவதற்குத்தான். கால் கட்டைவிரல் எலும்பை வெட்டி நேராக்கி ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் காலைக் கீழே வைத்தாலே பாதம் கனத்து, விரலெல்லாம் சிவந்துவிடுகிறது. விமானத்தில் அப்படி உட்கார்ந்தே வந்தால் கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரல் வரை போகலாமாம். ஆபரேஷன் ஆன புதிதில் அந்த ஆபத்து கூடுதல். ரயிலில் படுத்துக்கொண்டே போகலாமா என்று கேட்டேன். தையல் பிரித்து, புண் நன்றாக மூடிய பிறகு போகலாம் என்றார். அவ்வளவுதான், உன்மேல் பாசம் குறைந்துவிடவில்லை.

ரயிலில் 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ் பெர்த்துக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, அதில் கிடைத்தது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில் என்று பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்ததை மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஏறினேன். எல்லாரும் ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் காலை வைத்தேன். வழிப் பக்கம் நீட்டினால் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிற ஒருவராவது இடிக்காமல் விடமாட்டார். அப்பா இரண்டு தலையணையும் மடித்த போர்வையும் வைத்துக் காலை உயர்த்திவிட்டார். விடிந்து கண் விழித்தால் ஆரல்வாய்மொழி. கட்டுப் போட்ட விரல்களுக்கு மேலே வரிசையாகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருக்கிறோம், இப்படிப் பார்த்ததில்லை.

ஓட்டல் கதையைக் கேள். "லிப்ட் இருக்கு மேடம்" என்று போனில் உறுதியாகச் சொன்னார்கள். இருந்தது. அதற்குப் போகப் படியேற வேண்டும், கைப்பிடியும் கிடையாது! இனி யார் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வேன்: லிப்ட் இருக்கிறதா என்று கேட்காதே, ஆட்டோவிலிருந்து கட்டில் வரை எத்தனை படி என்று கேள். அப்புறம் குளியலறைத் தரை வழுக்குமா, உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்களா என்றும் கேள். காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, காலை வெளியே நீட்டிக்கொண்டு குளித்தேன். அந்தக் கோலத்தை உன் அப்பா போட்டோ எடுக்கப் பார்த்தார்.

இன்னொன்று எனக்கே அங்கே போன பிறகுதான் உறைத்தது. நம் ஊரில் சுற்றுலா என்றாலே செருப்பைக் கழற்றுவதுதான். பகவதி அம்மன் கோயில், சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, எங்கே போனாலும் வாசலில் செருப்பு. என் காலிலோ, முன்பாதம் தரையில் படாமல் குதிகாலில் நடக்க வைக்கிற அந்தக் கட்டைச் செருப்பு. அதைக் கழற்றி ஓரடி வைக்கக் கூடாது. அதனால் அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்க் கும்பிட்டுக் குங்குமம் கொண்டுவந்தார். நான் வெளியே கடைத் திண்ணையில் உட்கார்ந்து மட்டி வாழைப்பழம் தின்றேன். இப்போது புவிசார் குறியீடெல்லாம் வாங்கிய பழம், தெரியுமா? விரல் நீளம்தான், ஆனால் என்ன மணம்! அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கடலிலும் கால் வைக்கவில்லை. மணலில் அந்தச் செருப்போடு நடந்தால் கணுக்கால் புரண்டுவிடும், தழும்பிலும் உப்புத் தண்ணீர் படக் கூடாது. படகு ஏறவும் எனக்குத் துணிச்சல் இல்லை. அப்பா மட்டும் போய், விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே போட்டிருக்கிற கண்ணாடிப் பாலத்தில் நடந்துவிட்டு வந்தார். 77 மீட்டர் நீளம், காலுக்குக் கீழே அலை அடிக்கிறது, தலை சுற்றுகிறது என்று ஒரே பேச்சு. 2000-இல் சிலை திறந்த புதிதில் உன்னைத் தூக்கிக்கொண்டு வள்ளுவர் பாதம் வரை படியேறினோமே, உனக்கு நினைவிருக்காது. 38 அடி பீடம் அறத்துப்பால், 95 அடி சிலை பொருளும் இன்பமும் என்று அன்றைக்கும் இதே மனிதர்தான் மூச்சு வாங்க விளக்கினார்.

நான் பால்கனியில், ஒரு நாற்காலியில் நானும் எதிர் நாற்காலியில் என் காலுமாக உட்கார்ந்திருந்தேன். மணிக்கு ஒரு தடவை எழுந்து வாக்கரோடு கொஞ்சம் நடப்பேன், நடுவில் இரண்டு கணுக்காலையும் மேலும் கீழும் அசைப்பேன், தண்ணீர் குடிப்பேன். சூரியன் வந்தது, படகுகள் போயின, மத்தியானம் வெயிலில் கடல் வெளுத்தது. ஏழு மணிக்கு எழுப்பி, எட்டு மணிக்கு வேனில் ஏற்றி, ஒரு நாளில் ஒன்பது இடம் காட்டுகிற உன் அப்பா இரண்டாம் நாளே பேப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரோடு நான் போன ஒழுங்கான லீவு இதுதான். இதற்காக இன்னொரு காலையும் ஆபரேஷனுக்குக் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது. சும்மா சொல்கிறேன், பயப்படாதே.

இடுப்புதான் கொஞ்சம் வலித்தது. ஒரு காலில் உயரமான செருப்பு, மறு காலில் தட்டைச் செருப்பு என்றால் பிடித்துக்கொள்ளத்தானே செய்யும்? கடைவீதியில் கனமான அடியோடு ஒரு செருப்பு வாங்கி நல்ல காலுக்குப் போட்டேன், சரியாகிவிட்டது.

வீக்கம் முழுக்க வடிய மாதக்கணக்கில் ஆகுமாம். டாக்டர் சரியென்றால் மார்கழி கழிந்து அங்கே வருகிறேன். முன்பக்கம் அகலமாக இருக்கிற ஷூ அங்கே நன்றாகக் கிடைக்கும் என்றாய். இப்போதே வாங்கிவிடாதே, கால் இன்னும் பன் மாதிரி இருக்கிறது. வடிந்த பிறகு காகிதத்தில் வரைந்து போட்டோ அனுப்புகிறேன். நேந்திரம் சிப்ஸ் அங்கே விடுவார்களா என்று மட்டும் விசாரித்து வை.

அன்புடன்,
அம்மா