கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வாள் எங்கே?

தமிழில் ஃபேன்டஸி நாவல் எழுதுபவர்களுக்கும் அவற்றைப் பதிப்பிப்பவர்களுக்கும்,

வணக்கம். மதுரை செல்லூரில் பதினேழு வருடமாக வாடகை நூலகம் நடத்துகிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். முன்பெல்லாம் குடும்ப நாவல்தான் ஓடும். இப்போது இளவரசி, மந்திரம், போர் என்று வருகிற புத்தகங்கள் அலமாரியில் தங்குவதே இல்லை. எனக்கும் அவை ரொம்பப் பிடிக்கும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு நாவலைத் திருப்பித் தந்தாள். 214ஆம் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. புத்தகத்தில் கிறுக்கலாமா என்று சத்தம் போட்டேன். "அங்கதான்க்கா அவ வாளைக் கழட்டிச் சுவத்துல மாட்டுறா. அதுக்கப்புறம் 160 பக்கம் இருக்கு, ஒரு தடவைகூட எடுக்கல. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வாள் என்னக்கா ஆச்சு?" என்றாள்.

அன்று ராத்திரி கடையை அடைத்த பிறகு அந்த 160 பக்கத்தையும் படித்தேன். அவள் சொன்னது சரி. மூன்று கோட்டையைப் பிடித்தவள், காதலன் வந்ததும் மாடத்தில் நின்று அவன் படை திரும்புகிற புழுதிக்காகக் காத்திருக்கிறாள். போர் வியூகம்கூட அவன்தான் வகுக்கிறான். அவள் திலகமிட்டு அனுப்புகிறாள். இது அந்த ஒரு நாவலின் குறை என்றால் விட்டுவிடுவேன். என் அலமாரியில் இப்படிப் பத்து நாவலாவது இருக்கும்.

இந்த ஊர்ப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சித்திரைத் திருவிழாவின் வரிசையைப் பாருங்கள். எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். வேப்பம்பூ மாலை சூடி, கிரீடம் வைத்து, செங்கோல் வாங்குகிறாள். ஒன்பதாம் நாள் திக்கு விஜயம். பத்தாம் நாள்தான் திருக்கல்யாணம். முதலில் அரசு, பிறகு போர், அதற்குப் பிறகே கல்யாணம்.

திக்கு விஜயத்தன்று மாசி வீதிகளில் கூட்டம் நெருக்கியடிக்கும். எட்டுத் திக்குப் பாலகர்களையும் அம்மன் ஜெயித்து வருவாள். அடுத்து நந்தி. பட்டர்கள் எய்கிற அம்பு ஒவ்வொன்றுக்கும் அப்பாக்களின் தோளில் இருக்கும் பிள்ளைகள் கத்துவார்கள். நந்தியும் தோற்றபின் சுவாமி எதிரே வருவார். அந்த நேரத்தில் கூட்டம் அடங்குவதை நான் ஒவ்வொரு வருடமும் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நிற்கிற பாட்டிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். போர் உச்சத்தில் இருக்கும்போதே காதல் வருகிற இடம் அது. மீனாட்சிதான் வேள்வித் தீயிலிருந்து மூன்று வயதுக் குழந்தையாக வந்த தடாதகை. ஆண்பிள்ளைபோல் வில்லும் வாளும் பழகியவள். கணவனாக வரப்போகிறவனைக் கண்டதும் மூன்றாவது மார்பு மறையும் என்ற அசரீரியை அமைச்சர் சுமதிதான் அங்கே நினைவுபடுத்துகிறார். சுவாமி படைதிரட்டி வந்து இவளை மீட்கவில்லை, வாளைப் பிடுங்கவும் இல்லை. எதிரில் நிற்பது யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அவளும் நாணித் தலைகுனிந்தாளே, பட்டம் சுந்தர பாண்டியனான சுவாமிக்குப் போனதே என்று நீங்கள் கேட்கலாம். திருவிளையாடற் புராணத்தில் அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மதுரை அந்தக் கதையை எப்படி வைத்துக்கொண்டது என்று பாருங்கள். கல்யாணமான மறுநாளே செங்கோல் கைமாறுவதில்லை. சித்திரை முதல் ஆடி வரை நான்கு மாதம் அவள் ஆட்சி. ஆவணி மூலத்தில்தான் சுவாமிக்குப் பட்டம். கோயிலுக்குப் போனால் முதல் கும்பிடு அவளுக்கு. "உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?" என்று தமிழ்நாடு முழுக்கக் கேட்கிறார்களே, அந்த மதுரை இவள்தான்.

அப்புறம், எனக்கு மனசு கலங்குகிற இன்னொரு விஷயம். கதாநாயகியைக் கடத்திப்போய், மிரட்டி, மயங்கிக் கிடக்கும்போது தாலி கட்டி, பிறகு அவளே உருகிவிட்டாள் என்று முடிக்கிறீர்கள். அல்லி அரசாணி கதையில் அர்ச்சுனன் அப்படித்தான் செய்தான். தூங்குகிறவள் கழுத்தில் தாலி ஏறியது. மதுரையை ஆண்டவளாகப் பாடப்பட்டவளுக்கே அந்த கதி. அது பழைய கதைப்பாடல். இன்று பதினான்கு வயதுப் பிள்ளை படிக்கிற புத்தகத்தில் அதைக் காதல் என்று எழுதாதீர்கள். அவளே அவனைத் தேர்ந்தெடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவும் முடியட்டும்.

போரையும் போராக எழுதுங்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் சிவகங்கை. 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார் 1780இல் சீமையை மீட்டார். இடையில் எட்டு வருடம். திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியிடம் உதவி கேட்டு, ஆள் சேர்த்து, பயிற்சி கொடுத்து நடந்த போர் அது. உங்கள் நாயகி இரண்டு பத்தியில் படை திரட்டிவிடுகிறாள். படைக்குச் சோறு யார் போடுகிறார்கள், குதிரைக்குத் தண்ணீர் எங்கே கிடைக்கிறது என்று ஒரு வரியாவது எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அலுக்காது, அவர்கள் அதைத்தான் என்னிடம் கேட்கிறார்கள்.

பதிப்பாளர்களே, காதல் வந்தபின்னும் வாள் எடுக்கிற நாயகியின் கதை உங்களிடம் கைப்பிரதியாக வந்தால், விற்காது என்று திருப்பி அனுப்பாதீர்கள். என் கடைக்கு இரண்டு பிரதி வேண்டும், முன்பணம் தருகிறேன். முன்பதிவு நோட்டில் முதல் பெயராக அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். புத்தகத்தின் பெயருக்கு நேரே இடம் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
செல்லூர் வாடகை நூலகத்திலிருந்து
ஒரு வாசகி