சுவரொட்டியில் அக்காவின் பேர் எங்கே? மலையகத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தொழிற்சங்க, கட்சித் தலைவர்களுக்கு,

வணக்கம். கடந்த உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சுவரில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் சுவரில், ஒட்டியிருந்த சுவரொட்டி உங்களுக்கு நினைவிருக்கும். அதில் முக்கால்வாசி உங்கள் படம்தானே. கீழே மூலையில் முத்திரை அளவில் வேட்பாளரான எங்கள் அக்கா, அதற்கடியில் 'இன்னாரின் பாரியார்' என்று ஒரு வரி. அவரது சொந்தப் பேரைக் காணவே இல்லை.

அந்த அக்கா எப்படிப் பிரசாரம் செய்தார் என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போய், அட்டைக்கடியோடு மலையில் நின்று, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, பிள்ளைகளுக்கு ரொட்டி தட்டி வைத்த பிறகுதான் போன் வெளிச்சத்தில் லயம் லயமாக ஏறி இறங்குவார். களைப்பில் கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. அப்படி நாலு நாள். ஆண் வேட்பாளர்களுக்கு வேனும் ஒலிபெருக்கியும் வந்தன, அக்காவுக்குத் துண்டுப் பிரசுரக் கட்டு ஒன்று வந்தது, அதிலும் உங்கள் படம். வட்டாரத்தில் தோற்றார், சரி, தேர்தல் என்றால் அப்படித்தான். ஆனால் அவரும் சேர்த்துக் கொடுத்த வாக்குகளின் விகிதத்தில் கட்சிக்குக் கிடைத்த பட்டியல் ஆசனம், எங்கள் தோட்டப் பாதையையே மிதிக்காத, டவுனில் இருக்கும் உங்கள் அமைப்பாளரின் சொந்தக்காரப் பெண்ணுக்குப் போனது. அதை அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூட ஆளில்லை, வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டார். மறுநாள் காலையில் வழக்கம்போல் பெரட்டுக்குப் போனார்.

2016 உள்ளூராட்சித் தேர்தல் சட்டத் திருத்தம் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கியது இதற்காகவா ஐயா? வெல்லக்கூடிய வட்டாரத்தில் தோட்டத்துப் பெண்ணை அவர் பேரிலேயே நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறோம்.

உங்களுக்குத் தெரியாத வரலாறு இல்லை. இலங்கையின் அரசியலமைப்பைத் திருத்துவது பற்றி ஆராயப் பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927இல் வந்தபோது பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினர் போய்ச் சாட்சியம் சொன்னார்கள். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டதற்கு, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றார் அக்னஸ் டி சில்வா. கண்டியில் வசதியாக வாழ்ந்த ஒரு பறங்கியப் பெண்மணி அவர். பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்று நின்றவர்களில் நம் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர், அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1931இல் 21 வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு வந்தது. தோட்ட மக்களுக்கு மட்டும் நிரந்தர வசிப்பு, சான்றிதழ் என்று ஆயிரம் நிபந்தனை. அப்புறம் 1948இல் குடியுரிமையும், அடுத்த வருடமே வாக்கும் பறிபோயின. எங்கள் அம்மாச்சி வாக்குச்சாவடியைப் பார்க்காமலே கண்ணை மூடினார். அதனால்தான் அம்மா இன்றும் வாக்களிக்கப் போகும்போது பெட்டியில் இருக்கும் நல்ல சேலையை எடுத்து உடுத்துகிறார்.

அந்த வாக்கைக் கேட்க மட்டும் தவறாமல் வருகிறீர்கள். வந்தால் மாலையும் ஆரத்தியும் எங்கள் பொறுப்பு. மேடையில் நாற்காலி போடும்போது மட்டும் எங்களுக்கு ஒன்று குறைந்துவிடும், என்ன மாயமோ. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், ஆனால் சம்பளப் பேச்சுவார்த்தைப் படங்களில் வேட்டியும் கோட்டும்தான் தெரிகின்றன. 2024இல் மலையகப் பெண்கள் இருவர் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குப் போனார்களே, அது யாருடைய பட்டியலில்? தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில். உங்களுடையதில் அல்ல. உங்களுக்கு உறுத்தவில்லையா?

கோபத்தில் கொஞ்சம் கூடிவிட்டது, மன்னியுங்கள். அடுத்த முறை எங்கள் வட்டாரத்துக்கு அக்காவைப் போன்ற ஒருவரையே நிறுத்துங்கள், பட்டியல் ஆசனம் கிடைத்தால் வேலை செய்தவருக்கே கொடுங்கள், சுவரொட்டியில் அவருடைய பேரைப் பெரிதாகப் போடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பேர் தெரியவில்லை என்றால் கவலை வேண்டாம். மாதாமாதம் உங்களுக்குச் சந்தா பிடிக்கிறார்களே, அந்தச் சம்பளச் சீட்டில் ஒரு எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறது. பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கொழுந்துக்காரி ஒருத்தியின் மகள்