கவரைத் தண்ணியில் போடாதே

தருமபுரி

அன்புள்ள மாதேசா,

இங்கே எல்லாரும் சுகம். மாமரம் பூத்திருக்கிறது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து, ஸ்டாம்பையெல்லாம் தண்ணியில் ஊறவைத்து உரித்துப் பேரனின் ஆல்பத்தில் ஒட்டப் போகிறாய் என்று சின்னராசு சொன்னான். போனில் வேண்டாம் என்றேன். ‘சரி சரி’ என்று வைத்துவிட்டாய். உன் ‘சரி சரி’யை நம்பிக் கணக்கு வாத்தியார் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், அதுவும் ஸ்பீடு போஸ்டில். பதிவுத் தபாலைத்தான் 2025-லேயே அதோடு சேர்த்துவிட்டார்களே.

அந்தக் கவர்களை முழுசாக விட்டுவை மாதேசா. முத்திரை, விலாசம், பின்பக்கத்துச் சீல் எல்லாம் சேர்ந்ததுதான் தபால் சரித்திரம். உங்கள் வீட்டு விலாசத்தையே எடுத்துக்கொள். 1965 அக்டோபருக்கு முந்தைய கவர்களில் ‘கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லா’ என்று இருக்கும். அப்புறம் தருமபுரி மாவட்டம். 2004-க்குப் பிறகு கிருஷ்ணகிரி மாவட்டம். வீடு இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டம் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது! 1972 ஆகஸ்டுக்கு முன்னால் பின்கோடு கிடையாது. 1957 ஏப்ரலுக்கு முன்னால் அணாக் கணக்கு. கத்தரித்துவிட்டால் இதையெல்லாம் உன் பேரன் எங்கே பார்ப்பான்?

1971 கடைசியில் வந்தவற்றைத் தனியாக எடுத்துப் பார். வழக்கமான ஸ்டாம்போடு அஞ்சு பைசாவில் இன்னொன்றும் இருக்கும். குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்பின் மேல் ‘ரெஃப்யூஜி ரிலீஃப்’ என்று அச்சடித்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளுக்காக அரசாங்கம் 1973 மார்ச் வரை கடிதங்களுக்கு வாங்கிய கூடுதல் கட்டணம் அது. உரித்தெடுத்தால் அந்த ஸ்டாம்புக்குப் பெரிய விலை இல்லை. ஆனால் பென்னாகரத்திலிருந்து உன் பெரியம்மா கல்யாணத்துக்கு நாள் குறித்து எழுதின கவரிலேயே அது இருந்தால், அந்தக் கல்யாணச் சேதியும் அகதிகளுக்கு அஞ்சு பைசா கொடுத்துவிட்டுத்தான் வந்தது என்று பையனுக்குக் காட்டலாம்.

உன் சித்தப்பா பட்டாளத்திலிருந்து எழுதினவைதான் எனக்குப் பெரிய கவலை. சிலவற்றில் ஸ்டாம்பே இருக்காது, அதனால் நீ குப்பையில் போட்டுவிடுவாய். போடாதே! ராணுவத் தபால் நிலைய முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். எதிரிக்கு இடம் தெரியக்கூடாது என்று அப்படி வைத்தார்கள். விலாசத்திலும் 56 ஏபிஓ, 99 ஏபிஓ (ஆர்மி போஸ்ட் ஆபீஸ்) என்றுதான் இருக்கும். அந்த எண்ணையும் தேதியையும் வைத்து, விவரம் தெரிந்தவர்கள் எந்தப் பிரிவு எந்த இடத்தில் இருந்தது என்று சொல்லிவிடுவார்கள். அவர் எங்கே இருந்தார் என்று உன் பாட்டி கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்களே, அதற்குப் பதில் அந்தப் பெட்டியில் இருக்கலாம்.

ஸ்டாம்பைக் கழுவுகிற வேலை நீ கண்டுபிடித்ததில்லை. 1840-ல் இங்கிலாந்தில் முதல் ஸ்டாம்பு கறுப்பு நிறத்தில் வந்தது. மேலே சிவப்பு மையில் முத்திரை குத்தினார்கள். சனங்கள் அந்தச் சிவப்பை அழித்துவிட்டு மறுபடி ஒட்டினார்கள். மறுவருஷமே ஸ்டாம்பைச் சிவப்பாக்கி, முத்திரையைக் கறுப்பாக்க வேண்டியதாயிற்று. 1856-ல் பிரிட்டிஷ் கயானாவில் வந்த ஒரு சென்ட் ஸ்டாம்பு உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. 1873-ல் ஒரு பள்ளிக்கூடப் பையன் குடும்பக் கடிதங்களுக்குள் கண்டெடுத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். 2014-ல் சுமார் 95 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆனாலும் அது எந்தக் கடிதத்தில் வந்தது, யாருக்குப் போனது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. மொரீஷியஸிலிருந்து 1847-ல் போர்தோ நகரத்து ஒயின் வியாபாரிக்குப் போன கவர் மட்டும் இரண்டு ஸ்டாம்போடு முழுசாகப் பிழைத்திருக்கிறது. ஸ்டாம்பு சேர்க்கிறவர்கள் அதை எப்படிக் கொண்டாடுகிறார்கள் தெரியுமா!

டென்மார்க்கில் 1624-ல் தொடங்கிய அரசுத் தபால் 2025 டிசம்பரோடு கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி வீட்டுக்கு வீடு கடிதம் குவியப் போவதில்லை. இருப்பதை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

இப்போதைக்கு நீ செய்ய வேண்டியது: குண்டூசி, ஜெம் கிளிப், ரப்பர் பேண்டை எடுத்துவிடு. செல்லோ டேப், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வெயிலிலும் வைக்காதே. ஏதாவது குறிக்க வேண்டுமென்றால் பென்சிலால், வேறு தாளில் எழுது. பேரனுக்கு ஸ்டாம்பு வேண்டும், அவ்வளவுதானே? தலைமைத் தபால் நிலையத்தில் 200 ரூபாய் கட்டி பிலாட்டலி (ஸ்டாம்பு சேகரிப்பு) டெபாசிட் கணக்குத் தொடங்கு. புது ஸ்டாம்பு வரவர அவனுக்கு அனுப்புவார்கள். ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை படிக்கிற, ஸ்டாம்பு சேர்க்கிற பிள்ளைகளுக்குத் தபால் துறையின் ‘ஸ்பர்ஷ்’ உதவித்தொகை வருஷம் 6000 ரூபாய் இருக்கிறது, அதையும் விசாரி.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருகிறேன். அதுவரை பெட்டியைத் தங்கச்சி பொறுப்பில் விடு, உன்னிடம் வேண்டாம். களியும் கீரைக் கடைசலும் இருந்தால் போதும், சாயங்காலம் வரை உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்கிவிடலாம். பையனையும் வீட்டில் இருக்கச் சொல்.

உன்
முனியப்பன்