ஆற்றுப்பக்கக் கதவைத் திறந்துவிடுங்கள்

மாளிகை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஆற்றங்கரையில் உள்ள உங்கள் பழைய மாளிகையின் ஆற்றுப்பக்கக் கதவைத் திறக்கச் சொல்லி நான் எழுதும் மூன்றாவது மடல் இது. முந்தைய இரண்டுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. பரிசீலனை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. அதனால் இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவை அழைத்து வந்தேன். 79 வயது, முழங்கால் வலி. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சமையலறை வழியாக எங்களை உள்ளே விட்டீர்கள். கூடத்தைத் தாண்டிக் கடைசி அறைக்கு வந்ததும் அம்மா கேட்டார்: “ஆறு எங்கேப்பா?” வழிகாட்டிய இளைஞர் சங்கடத்தோடு கை காட்டினார். பூட்டிய இரட்டைக் கதவு. அதன்மேல், சட்டமிட்டு மாட்டிய ஆற்றின் வண்ணப்படம். அம்மா படத்தைப் பார்க்கவில்லை. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவிடுக்கில் உள்ளங்கையை வைத்தார். “காற்று வருகிறது” என்றார்.

ரயிலும் தார்ச்சாலையும் வருமுன், இத்தகைய வீடுகளுக்கு ஆறுதான் தெரு. விருந்தாளியும் சரக்கும் படகில் வந்திறங்கிய வாசல் அது. உங்கள் மாளிகையிலும் தூண்கள், சுதை வேலைப்பாடு எல்லாம் அந்தப் பக்கம்தான். நாங்கள் நுழைந்தது கொல்லைப்புறம். நினைவுச்சின்னத்தை அதன் சூழலிலிருந்து பிரிக்க இயலாது என்கிறது, நினைவுச்சின்னங்களைக் காப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் 7-ஆவது பிரிவு. அந்தச் சாசனத்தின் பெயரை நுழைவுப் பலகையில் பொறித்தவர்கள் நீங்கள்தான். ஆறு சூழலில் சேராதென்றால் எது சேரும்? நினைவுப்பொருள் கடையா?

முன்பு வெள்ளம் ஏறிய உயரத்தைக் காட்டும் சுவர்க்கோடுகளின் மேல் வெள்ளையடித்ததையும் சொல்லத்தான் வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்கு யார் சிமெண்ட் பூசச் சொன்னது? தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பின் வழியே ஆவியாகிவிடும்; சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். இடுப்புயரத்தில் உப்புப் பூத்து வண்ணம் உரிகிறது. அதைப் பூந்தொட்டிகளால் மறைத்த கைத்திறனைப் பாராட்டுகிறேன்.

மன்னிக்கவும், கதவுக்கு வருகிறேன். பாதுகாப்பு என்பீர்கள். படித்துறை வழுக்கும்தான். படியில் இறங்க விட வேண்டாம். தாழ்வாரம் வரை விடுங்கள். ஒரு கைப்பிடிக் கம்பி, ஒரு காவலர் போதும். வெள்ளக் காலத்தில் தாராளமாகப் பூட்டிக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் கதவைத் திறந்துவிடுங்கள்.

அந்தப் படத்தை வேறெங்கே மாட்டுவது என்று யோசித்தால், வண்டி நிறுத்துமிடத்துச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது. திறக்கும் தேதியை முன்கூட்டியே தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். அம்மாவை அழைத்து வர வேண்டும்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கி வந்தவன்